பறிக்காமல் விட்ட சணப்புப் பூ

முப்பது வருஷம் சர்க்கார் சம்பளம் வாங்கினவன் நான். அதில் முதல் இரண்டு வருஷம் விவசாய இலாகாவில் பீல்டுமேன் வேலை. அதற்கு என்ன தகுதி என்று கேட்டால், மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்திருக்க வேண்டும், வெயிலில் நடக்கத் தெரிய வேண்டும், மேலே இருப்பவர் சொன்னதைக் கீழே இருப்பவருக்குச் சொல்லத் தெரிய வேண்டும். மூன்றும் எனக்கு இருந்தன. விவசாயம் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை.

எனக்குச் சொந்த ஊர் அருமனைப் பக்கம். தென்னை தெரியும், மரச்சீனிக் கிழங்கு தெரியும், அப்போது புதிதாக வந்துகொண்டிருந்த ரப்பரும் கொஞ்சம் தெரியும். நெல்லில் எனக்குத் தெரிந்தது சோறு மட்டும். பூ அந்த அளவுக்குக்கூடத் தெரியாது. எங்கள் வீட்டில் பெண்கள் தலையில் பூ வைப்பதில்லை, வைக்க ஆசைப்பட்டாலும் போதகர் வருஷத்துக்கு இரண்டு தடவை பிரசங்கத்தில் அதைக் கிள்ளி எறிந்துவிடுவார். இப்படிப்பட்ட ஆளைப் பிடித்துத் தோவாளையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அங்கே நான் வாயைத் திறந்தாலே, மேற்கத்திப் பேச்சு, பாட்டுப் படிக்கிறான் என்று சிரித்தார்கள். அதற்கே எனக்கு முதல் மாதம் முழுக்க மூக்குக்கு மேல் கோபம்.

நெல் விலை விழுந்து கிடந்த வருஷங்கள் அவை. வயல் மண் சத்துக் கெட்டுப்போகிறது, அதைக் காப்பாற்ற வேண்டும் என்று மேலிடத்தில் ஒரு திட்டம் போட்டார்கள். கும்பப்பூ என்கிற இரண்டாம் போக நெல்லை மாசியில் அறுத்த பிறகு, சம்சாரிகள் வழக்கமாக உளுந்து விதைப்பார்கள். அதை விட்டுவிட்டுச் சணப்பு என்கிற தழை உரப் பயிரை விதைக்க வேண்டும். விதையைச் சர்க்கார் சும்மா கொடுக்கும். சணப்பு இடுப்பு உயரம் வளர்ந்து மஞ்சளாகப் பூத்ததும், அறுக்காமல் அப்படியே மடக்கி உழுது மண்ணில் புதைக்க வேண்டும். உளுந்து போன நஷ்டத்துக்கும் உழவுக் கூலிக்கும் சேர்த்து ஒரு தொகை கொடுப்பார்கள். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். வயல் பூத்து நிற்பதை இலாகா கண்ணால் பார்க்க வேண்டும். பூக்கும் முன்னால் உழுதால் தழை போதாது, காய் பிடித்த பிறகு உழுதால் தண்டு நாராகிவிடும், மக்காது. அதனால் பூதான் அத்தாட்சி. காகிதத்தில் படித்தபோது இதில் ஒரு குற்றமும் எனக்குத் தெரியவில்லை.

ஊரில் ஒருத்தரும் நம்பவில்லை. “சர்க்கார் வாங்கத்தான் வரும், குடுக்க எங்க வே வரும்?” என்றார் டீக்கடைக்காரர். ஐந்து பேர் விதை வாங்கினார்கள். ஒருவர் அதை ஊறப்போட்டுப் பசுவுக்கு வைத்துவிட்டார். இரண்டு பேர் ஈரம் காய்ந்த பிறகு விதைத்தார்கள், அது முளைக்கவேயில்லை. இன்னொருவர் விதையைப் பத்திரமாகப் பானையில் வைத்து, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். மிஞ்சினது ஒரே ஒரு வயல். அதை விதைத்தது ஒரு பெண்.

அவளுக்கு அப்போது முப்பது வயதுக்குள் இருக்கும். புருஷன் கொழும்பில் கடை வேலைக்குப் போனவன், நாலு வருஷமாகக் கடிதம் இல்லை. பிள்ளையும் இல்லை. வயல் அண்ணன் தம்பி பாகம் பிரிக்காமல் கிடந்த சொத்து, தம்பி பங்குக்கு என்று வாய்ப்பேச்சில் விட்ட துண்டை அவள் பயிரிட்டு வந்தாள். புருஷன் உயிரோடு இருக்கிறான் என்கிற வரைக்கும்தான் வயல் அவள் கையில் இருக்கும். செத்தான் என்று ஆகிவிட்டால் அவளுக்குச் சோறும் துணியும், வயல் புருஷனுடைய அண்ணனுக்கு. அன்றைய சட்டமும் அதுதான், ஊர் வழக்கமும் அதுதான். அண்ணன்காரர் ஒன்றும் கெட்டவர் என்று சொல்ல முடியாது. நாலு வருஷம் பொறுத்தவர், ஐந்தாவது வருஷம் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். அவளுடைய உழவு மாட்டில் ஒன்று தையில் செத்துப்போனது. இவருடைய மாட்டைக் கேட்டாள். “மாடும் தாரேன், ஆளும் தாரேன். வயலையும் எங்கிட்ட விட்டிரு,” என்றாராம். ஒரு போகம் தரிசாகப் போட்டால், அவளால் முடியவில்லை என்று சொல்லி எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு.

அதனால்தான் அவள் சணப்பு விதைத்தாள். மண்ணைக் காப்பாற்ற அல்ல. விதைக்க மாடு வேண்டாம், நெல் அறுத்த ஈரத்தில் வீசினாலே முளைக்கும். பூவைப் பார்த்த அன்றைக்கே சீட்டு எழுதிக் கொடுப்போம், தாலுகா கச்சேரியில் காட்டிப் பணம் வாங்கலாம், அதை வைத்துக் கூலிக்கு மாடு பிடிக்கலாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். இரண்டு தடவை திருப்பித் திருப்பிக் கேட்டாள். “நெசமாத்தானா ஐயா? பூத்தா போருமா?” பூத்தால் போதும் என்றேன்.

சணப்பு நன்றாக வந்தது. சும்மா சொல்லக்கூடாது, நான் பார்த்த முதல் பசுந்தாள் வயல் அது, கண்ணுக்கு அத்தனை குளிர்ச்சி. பங்குனி பாதியில் ஒரு நாள் பத்தரை மணி பஸ்ஸில் போய் இறங்கிப் பார்த்தேன். இடுப்புக்கு மேல் நின்றது. ஒரு பூ இல்லை. நோட்டில் ‘பூக்கவில்லை’ என்று எழுதிக்கொண்டு திரும்பினேன். எட்டு நாள் கழித்து மறுபடியும் பத்தரை மணி. மறுபடியும் ஒரு பூ இல்லை. கிட்டே போய்ப் பார்த்தால் கொழுந்து நுனியெல்லாம் ஒடிந்திருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. வரப்பில் நின்றிருந்தவளைக் கூப்பிட்டேன்.

“ஏம்மா, ஆட்டை விட்டு மேச்சியா?”

“ஆடா? எங்க வயல்லயா?” அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. “ஆடு வந்தா காலை ஒடிச்சுப் போடமாட்டனா?”

“பின்ன ஏன் இன்னும் பூக்கல்ல?”

“பூக்காம என்ன ஐயா. தெனமும்லா பூக்கு.”

“எங்க பூ?”

“காலம்பறயே பஸ்ஸுல போயாச்சு.”

கேலி செய்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. சித்திரை விசு நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு விடிந்ததும் முதலில் கண் விழித்துப் பார்க்கிற விசுக்கனிக்கு மஞ்சள் பூ வேண்டும். அந்த வருஷம் முன்னாலேயே மழை பெய்து கொன்றைப் பூவெல்லாம் உதிர்ந்துபோயிருந்தது. மஞ்சளாக எது கிடைத்தாலும் வியாபாரி எடுத்துத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். இவள் வெளிச்சம் வந்ததும் வயலில் இறங்கி, மொட்டும் மலருமாக ஓலைக் கடவப்பெட்டி நிறையக் கிள்ளி அனுப்பிவிடுகிறாள். நான் வந்து சேரும்போது அவளுடைய பூ பாதி வழி போயிருக்கும். சர்க்கார் காசு கொடுத்துப் பூக்கவைத்த பூ.

கத்தினேன். அத்தாட்சியையே பிடுங்கி விற்றுவிட்டாயே என்று கத்தினேன். அவளுக்கு நான் கத்துவது விளங்கவேயில்லை. “பூத்தா பறிக்காண்டாமா?” என்று கேட்டாள். சத்தம் கேட்டு வந்த டீக்கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “பத்து மணிக்கு வந்து பூ எங்கேன்னு கேக்கீரே! வெயில் ஏறின பொறவு தோவாளையில செடியில பூவைப் பாத்தவன் உண்டா வே?”

உண்மைதான். அந்த ஊரில் கை பிறந்ததே பூப் பறிக்கத்தான். அரளி, பிச்சி, செவந்தி, எதுவானாலும் வெயில் ஏறுமுன் செடி மொட்டையாகிவிட வேண்டும். இதை நான் ஒரு வருஷமாகத் தினமும் பார்த்திருக்கிறேன். பார்த்தும் என் மண்டையில் ஏறவில்லை. பூத்ததும் தகவல் சொல் என்று சொன்னேனே தவிர, பறிக்காதே என்று சொல்லத் தோன்றவில்லை.

சரி, போனது போகட்டும், ஒரு நாள் பறிக்காமல் விடு என்றேன். சிரித்துக்கொண்டிருந்த டீக்கடைக்காரர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “அது முடியாது ஐயா,” என்றாள்.

காரணத்தை டீக்கடைக்காரர்தான் என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டுபோய்ச் சொன்னார். சாவு விழுந்த வீட்டில் தீட்டு கழியும்வரை பூப் பறிக்க மாட்டார்கள். அந்த வீட்டுச் செடிகளில் மட்டும் பூ அப்படியே நின்று வாடும். எந்த வயலில் வெயில் வந்த பிறகும் பூ நிற்கிறதோ, அந்த வீட்டுக்கு ஊர் துக்கம் கேட்கப் போகும். யாரும் ஆள் விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. “வேற ஆளு வயல்னா பரவாயில்ல. சர்க்கார் சொல்லிச்சுன்னா சிரிச்சுக்கிட்டுப் போயிருவாங்க. இவ காரியம் அப்படியா? மாப்பிள செத்துட்டான்னு இவ வாயால எப்பம் சொல்லுவான்னு நாலு வருஷமா ஒருத்தரு காத்துக்கிட்டிருக்காரு. பூவை விட்டா, சொன்ன மாதிரிதான்.”

எனக்கு அன்றைக்கு இருபத்துமூன்று வயது. இதெல்லாம் அஞ்ஞானம், காட்டுமிராண்டித்தனம் என்று நினைக்கும் வயது. போதாக்குறைக்கு என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஐந்து விதைப் பைக்கு ஒரு வயலாவது காட்டினால்தான் வைகாசியில் நிரந்தரமாக்குவார்கள். விடியும்போது நானே வந்து பார்த்து எழுதிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். என் கையெழுத்து மட்டும் போதும் என்றால் அப்படித்தான் செய்திருப்பேன். இன்ஸ்பெக்டர் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது உத்தரவு. அவர் குளித்து, சாப்பிட்டு, காரில் ஏறும்போதே பத்து மணி ஆகும். அவர் வரும் நாளை முன்கூட்டி யாருக்கும் சொல்லக்கூடாது என்றும் உத்தரவு, ஏனென்றால் வேறு தாலுகாவில் சில பீல்டுமேன்கள் அதிகாரி வரும் நாளைப் பார்த்து ஜோடனை செய்து காட்டிப் பிடிபட்டிருந்தார்கள். சொன்னது தெரிந்தால் வேலை போகும்.

ஆபீசில் குமாஸ்தா ஒருவர் எனக்கு வேண்டியவர். வியாழக்கிழமை தோவாளை என்று காதில் போட்டார். புதன்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன்.

“நாளைக்கு ஒரு நாள் விடும்மா. பெரியவர் வந்து பாத்ததும் சீட்டைக் கையில வாங்கித் தாரேன். நாளைக்கழிச்சு நீ மாடு பிடிச்சு உழுதிரலாம்.”

“ஊரு வருமே ஐயா.”

“வரட்டும். நான் சொல்லிக்கிடுதேன். சர்க்கார் சொல்லி விட்டதுன்னு நானே சொல்லுதேன்.”

“எங்கூட நிப்பியளா?”

“நிப்பேன்.”

அவள் வயலைப் பார்த்தாள், ஜோடி இல்லாமல் நின்ற ஒற்றை மாட்டைப் பார்த்தாள். வேறு வழி அவளுக்கு இருந்ததாக எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை. “செரி ஐயா,” என்றாள். நான் சந்தோஷமாகப் பஸ் ஏறினேன்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டேன். வயல் முழுக்க மஞ்சள். வளர்ந்த பயிர் தெரியாத அளவுக்குப் பூ. எனக்குப் பெருமை தாங்கவில்லை, ஏதோ நானே உட்கார்ந்து பூக்கவைத்த மாதிரி வரப்பில் நடந்தேன். வெயில் ஏறியது. முதலில் இரண்டு பெண்கள் வந்தார்கள். பிறகு நாலைந்து பேர். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அவள் முற்றத்தில் போய் உட்கார்ந்தார்கள். ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு, தாலியை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். “யாரும் சாகல்ல. எதுக்கு இப்படி வந்து இருக்கிய? எழும்புங்க,” என்றாள். யாரும் எழும்பவில்லை. ஒரு கிழவி அவள் கையைப் பிடித்து, “அழுதிரு மக்கா, அழுதா தீரும்,” என்றாள்.

அடுத்து அண்ணன்காரர், தோளில் துண்டோடு, ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வரப்பிலிருந்து இறங்கி அவர்களிடம் சொல்லத்தான் போனேன். அது சத்தியம். பத்தடி போயிருப்பேன், ரோட்டில் கார் வந்து நின்றது. வாழ்க்கையில் ஒரு நாளும் நேரத்துக்கு வராத மனுஷன், அன்றைக்கென்று எட்டரை மணிக்கே வந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் வடக்கே இருந்து வந்தவர், தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். வயலைப் பார்த்து, “கொள்ளாம், கொள்ளாம்,” என்று மெச்சினார். பிறகு முற்றத்தைப் பார்த்து, இத்தனை ஆள் எதற்கு என்று கேட்டார்.

அண்ணன்காரர் கும்பிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். “தம்பி கொழும்புல தவறிப்போனான் ஐயா. நாலு வருஷமா இவ ஒத்துக்கிடல்ல. இன்னைக்குப் பூவை விட்டுட்டா. ஊரே பாத்தாச்சு.”

“இல்ல!” என்று அவள் ஓடி வந்தாள். “இந்த ஐயா சொல்லித்தான் விட்டேன். நாளைக்குப் பெரிய ஐயா வருவாரு, ஒரு நாள் பறிக்காதேன்னு நேத்தைக்கு வீட்டுல வந்து சொன்னாரு. கேளுங்க, இந்தா நிக்காருல்லா.”

அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. ஒவ்வொரு வார்த்தையும் என் கழுத்துக்குக் கயிறு. இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார்.

“ஞான் இன்னைக்கு வரும்னு நீ பறஞ்சோ?”

ஊர் முழுக்க என்னைப் பார்த்தது. அவளும் பார்த்தாள். பயந்த முகம் இல்லை அது. இதோ இவர் சொல்லப் போகிறார், எல்லாம் முடிந்துவிடும் என்கிற முகம்.

“இல்ல சார்,” என்றேன்.

அவள் கத்தவில்லை, என்னை வையவில்லை. நான் சொன்னது காதில் சரியாக விழவில்லை என்பதுபோல் இன்னும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணன்காரர் பெரியவர்களைப் பார்த்து, “கேட்டியளா?” என்றார், அவ்வளவுதான். பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். இன்ஸ்பெக்டருக்குச் சாவு வீட்டில் நிற்கக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும், அவசர அவசரமாகச் சீட்டை எழுதினார். பட்டா இருந்தது அண்ணன் தம்பி இரண்டு பேர் பேரிலும். தம்பி இல்லாததால் குடும்பத்தில் மூத்தவர் கையில் கொடுக்கச் சொன்னார். அதை நீட்டியவன் நான்தான்.

மறுநாள் அண்ணன்காரருடைய மாடு பூட்டிச் சணப்பை மடக்கி உழுதார்கள். உடம்பு இல்லாமலே காரியம் நடத்தினார்கள் என்றும், பதினாறாம் நாள் தாலியை வாங்கினார்கள் என்றும் டீக்கடையில் கேள்விப்பட்டேன். டீக்கடைக்காரர் அதற்குப் பிறகு என்னோடு வேறு எதுவும் பேசவில்லை, டீயை மட்டும் வைத்துவிட்டுப் போவார். அந்தப் பதினாறு நாளில் ஏதாவது ஒரு நாள் போய், நான்தான் சொன்னேன், அவள் மேல் குற்றம் இல்லை என்று ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் ஏறுவேன், பூதப்பாண்டிப் பக்கம் வேலை இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டு வேறு பஸ்ஸில் மாறிவிடுவேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. வைகாசியில் என்னை நிரந்தரமாக்கினார்கள். வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் வைத்தார்கள், நானும் முழங்காலில் நின்றேன்.

புரட்டாசியில் முதல் போக அறுவடை. சணப்பு உழுத வயலில் எவ்வளவு விளைந்தது என்று நேரில் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். இதற்கு மட்டும் பஸ் மாற முடியவில்லை. கதிர் தலை சாய்ந்து கனத்துக் கிடந்தது, பக்கத்து வயல்களைவிட நன்றாகவே. வரப்பில் அண்ணன்காரர் குடை பிடித்துக்கொண்டு நின்றார், என்னைப் பார்த்ததும் மரியாதையாகச் சிரித்தார். சணப்பு ரொம்ப நல்ல பயிர், அடுத்த வருஷமும் விதை வேண்டும் என்றார்.

அறுப்பு ஆட்களில் அவளும் இருந்தாள். கூலிக்கு வந்திருந்தாள். கழுத்தில் ஒன்றும் இல்லை, நெற்றியில் ஒன்றும் இல்லை. அறுத்துப் போட்ட அரிகளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டே நான் நின்ற இடத்துக்கு வந்துவிட்டாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“இப்பம் பெரிய ஐயா இல்ல,” என்றாள். “யாரும் உங்ககிட்ட ஒண்ணும் கேக்கல்ல. இப்பமாவது சொல்லுங்க. நீங்கதானே பூவை விடச் சொன்னிய?”

எல்லோருக்கும் கேட்கும்படிதான் கேட்டாள். நானும் எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். “ஆமா. நான்தான் சொன்னேன்.”

ஒரு அரிவாளும் நிற்கவில்லை. அண்ணன்காரர் குடையை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டார்.

“செரி,” என்றாள் அவள். பிறகு குனிந்து, “காலை எடுங்க ஐயா. கதிரை மிதிச்சுக்கிட்டு நிக்கிய,” என்றாள்.